சீசனலி அட்ஜஸ்டட்: பருவத்தைச் சரிக்கட்டுவதா, கழிப்பதா, களைவதா?

மடல் 1 (கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டிலிருந்து)

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு மூன்று வாரமாகக் கட்டுரை நகரவில்லை. கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள். ஒவ்வொன்றுக்கும் மாநில வேலைவாய்ப்பு மேம்பாட்டுத் துறை மாதாமாதம் வேலை, வேலையின்மைக் கணக்கை வெளியிடுகிறது. அதைத் தமிழில் படிக்கச் சொல்லித்தரும் கட்டுரை இது. கவுண்டியைக் கவுண்டி என்றே விட்டுவிட்டேன். மாவட்டம் என்றால் நம்மவர் மனத்தில் கலெக்டர் வந்து உட்கார்ந்துவிடுவார். இங்கே பள்ளிகளுக்கென்று 'டிஸ்ட்ரிக்ட்' வேறு தனியாக இருக்கிறது. வேலையின்மை விகிதம் சிக்கலில்லை. தலைவலி அட்டவணையின் நெற்றியிலேயே எழுதியிருக்கும் சொற்றொடர்தான்: 'நாட் சீசனலி அட்ஜஸ்டட்'.

எதற்கு இவ்வளவு அடம் என்று கேட்பீர்கள். இரண்டு கவுண்டிகளைச் சொல்கிறேன்.

இம்பீரியல் கவுண்டி மெக்சிகோ எல்லையை ஒட்டியது. 1907இல் சான் டியாகோவிலிருந்து பிரிந்த, மாநிலத்தின் கடைசிக் கவுண்டி. தலைநகர் எல் சென்ட்ரோ கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. சுற்றிலும் பாலைவனம். கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கால்வாயில் வருவதால் வயல். பனிக்காலத்தில் அமெரிக்கா தின்னும் லெட்டூஸ் கீரையில் பெரும்பங்கு இங்கிருந்தும் பக்கத்து அரிசோனா மாநிலத்தின் யூமாவிலிருந்தும் போகிறது. கோடையில் வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது கீரை வயலில் ஆளே இருக்காது. ஆகஸ்டில் வேலையின்மை 20 விழுக்காட்டைத் தொட்டாலும் அந்த ஊரில் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. 2010 வாக்கில் 30ஐ ஒட்டியே நின்றது.

வடக்கே மான்டரே கவுண்டி. இங்கே எல்லாம் தலைகீழ். சாலினாஸ் பள்ளத்தாக்கில் வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் வரை அறுவடை. ஆகவே ஜனவரி, பிப்ரவரியில் வேலையின்மை உச்சத்துக்குப் போகும். ஆகஸ்டு, செப்டம்பரில் அதில் பாதிக்குப் பக்கமாக இறங்கும். இரண்டு ஊரிலும் அதே கீரைதான். கீரை கழுவிப் பொதியும் ஆலைகள் இயந்திரங்களையே கழற்றி லாரியில் ஏற்றி நவம்பரில் தெற்கே போய் வசந்தத்தில் திரும்புகின்றன.

இப்போது 'இம்பீரியலில் ஜூலையில் வேலையின்மை எகிறியது' என்று தலைப்புப் போட்டால், அது 'மார்கழியில் குளிர்கிறது' என்று செய்தி போட்ட மாதிரி. நாட்டுக்கும் மாநிலத்துக்கும் சொல்லும் தலைப்பு விகிதத்தில் இந்த வழக்கமான ஏற்ற இறக்கத்தை எடுத்துவிடுகிறார்கள். அதுதான் 'சீசனலி அட்ஜஸ்டட்'. கவுண்டி அட்டவணையில் எடுப்பதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் ஏமாறுவார். அதைத் தடுக்கத்தான் அந்த எச்சரிக்கை. தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 2 (மதுரையிலிருந்து)

தம்பி, இதற்கா மூன்று வாரம்? பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் 'அட்ஜஸ்ட்மென்ட்' எல்லாம் சரிக்கட்டுதல்தான். 'பருவச் சரிக்கட்டு' என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

மடல் 3 (சென்னையிலிருந்து)

ஐயா, பாடப்புத்தகத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் தெருவில் அந்தச் சொல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 'வாத்தியாரைச் சரிக்கட்டிட்டேன்', 'ஆர்டிஓ ஆபீஸ்ல ஆளைப் புடிச்சு சரிக்கட்டியாச்சு'. வேலையின்மை விகிதத்தைச் சரிக்கட்டினார்கள் என்று எழுதினால் தமிழ் வாசகர் என்ன நினைப்பார்?

இது வெறும் கிண்டல் இல்லை. 2025 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்காவில் ஜூலை மாத வேலைக் கணக்கு வந்தது. கூடவே, மே, ஜூன் மாதங்களில் கூடியதாக முன்பு சொன்ன வேலைகளில் மொத்தம் 2,58,000 குறைந்தன. அன்றைக்கே அதிபர் டிரம்ப், எண்களில் தில்லுமுல்லு என்று சொல்லி, தொழிலாளர் புள்ளியியல் செயலகத்தின் ஆணையர் எரிகா மெக்கன்டார்ஃபரைப் பதவியிலிருந்து நீக்கினார். உண்மையில் நடந்தது என்ன? முதல் அறிக்கை வரும்போது சில நிறுவனங்களின் பதில் வந்திருக்காது. பின்னால் வந்ததும் எண் மாறும். மாதாமாதம் நடப்பதுதான், அந்த மாதம் அளவு பெரிது. அந்தச் செய்தியைத் தமிழில் எழுதும்போது 'சரிக்கட்டப்பட்ட' என்று ஒரு சொல் கிடந்தால் டிரம்ப் சொன்னதை நாமே வழிமொழிந்தது போலாகும்.

இன்னொன்று. 'திருத்திய' என்ற சொல்லையும் இதற்குச் செலவழிக்காதீர்கள். அது 'ரிவைஸ்டு' எண்ணுக்கு வேண்டும். பருவத்தை எடுப்பது ஒன்று, தாமதமாக வந்த பதிலைச் சேர்ப்பது வேறொன்று. ஒரே அட்டவணையில் இரண்டும் வரும்.

நமக்கும் இது அவசரம். இந்தியா 2025 மே மாதத்திலிருந்து வேலையின்மைக் கணக்கை மாதந்தோறும் வெளியிடத் தொடங்கிவிட்டது. நடவு மாதத்துக்கும் நடவு முடிந்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத் தொலைக்காட்சியில் சண்டை போடுவோம். அதற்குள் சொல் தயாராக இருக்கட்டும்.

மடல் 4 (யாழ்ப்பாணத்திலிருந்து)

வணக்கம். எங்கட பக்கம் கணக்கீட்டு வகுப்பில் 'செம்மையாக்கம்' என்று படித்தோம். 'லேபர் ஃபோர்ஸ்' (வேலையில் இருப்போரும் வேலையில்லாதோரும் சேர்ந்த தொகை) என்பதற்குத் தொழிற்படை என்ற சொல் நீண்ட காலமாகப் புழக்கத்தில் உண்டு, அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் செம்மையாக்கத்தை நானே பரிந்துரைக்க மாட்டன். செம்மையாக்கினோம் என்றால் முன்பு இருந்தது பிழை என்றாகும். ஜூலையில் வேலை இல்லாமல் இருந்தவர் உண்மையாகவே வேலை இல்லாமல்தான் இருந்தவர். அதில் பிழை ஏது?

'பருவம் கழித்த விகிதம்' எப்படி? கண்ணூறு கழிக்கிற மாதிரி.

மடல் 5 (திருநெல்வேலியிலிருந்து)

நாற்பது வருடம் புள்ளியியல் நடத்தியவன், கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், வேலையில்லாதவர் என்று யாரை எண்ணுகிறார்கள்? நம்மூரில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்தவர்கள் என்று நினைப்போம். அங்கே, அரசிடம் வேலையிழப்புக் காப்பீட்டுப் பணம் வாங்குபவர்கள் என்று நினைப்பார்கள். இரண்டும் தப்பு. மாதத்தின் 12ஆம் தேதி அடங்கும் வாரத்தில் வேலை இல்லாமல், வேலைக்கு வர ஆயத்தமாக, முந்தைய நான்கு வாரங்களில் வேலை தேடியவர்தான் வேலையில்லாதவர். தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டு, திரும்ப அழைப்பார்கள் என்று காத்திருப்பவர் மட்டும் தேடாவிட்டாலும் கணக்கில் வருவார். மற்றவர் தேடுவதை விட்டுவிட்டால் தொழிற்படையிலேயே இல்லை. இதற்காக அமெரிக்கா முழுக்க ஏறத்தாழ 60,000 வீடுகளில் மாதாமாதம் விசாரிக்கிறார்கள்.

அறுபதாயிரம் வீடு நாட்டுக்குப் போதும், ஒரு கவுண்டிக்கு எங்கே போதும்? இம்பீரியலின் மக்கள்தொகையே ஏறக்குறைய 1,80,000. அதன் பங்குக்கு எத்தனை வீடு விழும்? அதனால் கவுண்டியின் எண்ணைக் காப்பீட்டு விண்ணப்பங்கள், நிறுவனங்களின் ஆள்கணக்கு முதலியவற்றை வைத்து மதிப்பிட்டு, மாநில மொத்தத்தோடு பொருத்துகிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'நாட் சீசனலி அட்ஜஸ்டட்' என்பதை 'மூல எண்' என்று சொல்லலாமே என்று ஒருவர் எனக்குத் தனிமடலில் கேட்டார். கூடாது. அது மூலமும் இல்லை, பச்சையும் இல்லை. நன்றாகவே சமைத்தது. பருவம் மட்டும் உள்ளே இருக்கிறது.

இப்போது 'கழித்த'. யாழ்ப்பாணத்து அன்பரின் கண்ணூறு அழகு. ஆனால் கணக்கு உதைக்கிறது. பல ஆண்டு எண்களை அடுக்கி, ஒவ்வொரு மாதமும் வழக்கமாக எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்று ஒரு காரணி எடுக்கிறார்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் செயலகத்தின் எக்ஸ்-13 என்ற கணினி நிரல் இதைச் செய்கிறது. பல தொடர்களில் அந்தக் காரணியைக் கழிப்பதில்லை, அதனால் வகுக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு: ஆகஸ்டு வழக்கமாக ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்றால் காரணி 1.2. விகிதம் 18 என்று வந்தால் 1.2ஆல் வகுத்து 15 என்பார்கள். வகுத்துவிட்டுக் கழித்தேன் என்று எழுதினால் என் மாணவனுக்கு மதிப்பெண் போடமாட்டேன்.

ஆகவே 'களைந்த' என்கிறேன். அரிசி களைகிறோம். மாவும் தவிடும் தண்ணீரோடு போகிறது, அரிசி அரிசியாகவே இருக்கிறது. கழித்தோமா வகுத்தோமா என்று அந்தச் சொல் கேட்காது. பருவம் களைந்த விகிதம், பருவம் களையாத விகிதம். செயலுக்குப் பெயர் பருவக்களைவு.

பருவம் என்றால் மழையும் வெயிலும் மட்டுமா என்று யாராவது கேட்குமுன் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் முதல் பருவம், இரண்டாம் பருவம் என்கிறோமே. கோடை விடுமுறையில் பள்ளிப் பேருந்து ஓட்டுநரும் சமையல்கூடத்து ஆளும் கணக்கிலிருந்து குறைவதும், கிறிஸ்துமசுக்குக் கடைகள் ஆள் சேர்ப்பதும் பருவந்தான்.

மடல் 6 (மதுரையிலிருந்து)

'பருவங்களைந்த' என்று சேர்த்து எழுதிவிடாதீர்கள். 'பருவங்களை' என்று படித்துவிட்டு 'ந்த' எங்கிருந்து வந்தது என்று தேடுவான். மற்றபடி சரிக்கட்டுதலை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என்னைச் சரிக்கட்டிவிட்டீர்கள்.

மடல் 7 (சாலினாஸிலிருந்து)

இதுவரை வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பது மான்டரே கவுண்டியில். வேலை, பாசனக் கருவிகளோடு. பனிக்காலத்தில் எனக்கும் யூமா, எல் சென்ட்ரோ என்று அலைச்சல். புள்ளியியல் ஐயா சொன்ன களைதல் எனக்குப் பிடித்திருக்கிறது. 'களையாத' என்பதில்தான் உறுத்தல்.

களையாத அரிசி என்றால் என்ன? இன்னும் கழுவாதது, அழுக்கோடு இருப்பது. கவுண்டி எண் அப்படியா? இங்கே பருவம் ஒட்டிக்கொண்டிருக்கும் தவிடு இல்லை, அதுதான் அரிசியே. கலெக்ஸிக்கோ எல்லைச் சாவடியில் விடியுமுன் பார்த்திருக்கிறேன். எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் மெக்சிகாலியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்பார்கள். வயலுக்குப் போகும் பேருந்து இந்தப் பக்கம் காத்திருக்கும். மார்ச் முடிந்தால் அந்தப் பேருந்தில் பாதி வடக்கே சாலினாஸுக்கு வந்துவிடும். வர முடியாதவர்கள், பிள்ளைகள் பள்ளியில் இருப்பவர்கள், அங்கேயே வெயிலோடு நவம்பருக்குக் காத்திருப்பார்கள். கலிபோர்னியாவின் பருவம் களைந்த எண்ணில் இவர்களின் ஜூலை தெரியாது. வழக்கம்போல்தான், ஒன்றும் நடக்கவில்லை என்று அது சொல்லும். வீட்டுக்குள் வாடகை கட்டப் பணம் இருக்காது. இதைச் சொல்லும் ஒரே எண் கவுண்டி அட்டவணையில் இருப்பதுதான். அதற்குப் போய் இல்லாமையைக் குறிக்கும் பெயரா?

அதுவும் முழுதாகச் சொல்வதில்லை என்பது வேறு கதை. வேலையின்மை விகிதம் ஆள் வசிக்கும் இடத்தில் எண்ணப்படுகிறது. நிறுவனக் கணக்கு வேலை இருக்கும் இடத்தில் எண்ணப்படுகிறது. மெக்சிகாலியில் குடியிருந்து இம்பீரியலில் கீரை அறுப்பவர் பண்ணை வேலைகளின் வரியில் இருப்பார். வேலை போனால் அந்த வரியிலிருந்து போவார், வேலையில்லாதோர் வரிக்கு வரவே மாட்டார். அட்டவணை படிக்கச் சொல்லித்தரும் கட்டுரையில் இது கட்டாயம் வரவேண்டும். 'வசிப்பிடக் கணக்கு', 'வேலையிடக் கணக்கு' என்று பிரிக்கலாம். 'பணியிடம்' வேண்டாம், தமிழ்நாட்டில் 'காலிப் பணியிடங்கள்' என்று அது வேறு பொருளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் பரிந்துரை: 'பருவம் சேர்ந்த', 'பருவம் களைந்த'. இரண்டுக்கும் உடன்பாட்டுப் பெயர்.

மடல் 8 (திருநெல்வேலியிலிருந்து)

'சேர்ந்த' என்றால் பின்னால் கொண்டுவந்து சேர்த்தது போலத் தொனிக்காதா? 'சேர்த்த' என்றால் தொனிக்கும், 'சேர்ந்த' என்றால் இல்லை. நானே கேட்டு நானே பதில் சொல்லிவிட்டேன். ஒப்புகிறேன். வகுப்பில் எண்களைத்தான் பார்த்தேன், பேருந்தைப் பார்க்கவில்லை.

மடல் 9 (ஃப்ரீமான்டிலிருந்து)

எல்லாருக்கும் நன்றி. கட்டுரையில் இப்படி வைத்துவிட்டேன்: 'இம்பீரியல் கவுண்டி வேலையின்மை விகிதம், ஆகஸ்டு (பருவம் சேர்ந்தது)'. கீழே ஒரு வரி: 'சென்ற மாதத்தோடு ஒப்பிட வேண்டாம், சென்ற ஆண்டின் ஆகஸ்டோடு ஒப்பிடுக'. இந்த இரண்டாவது வரியை நான்கு நாள் முன்பு எழுதியிருந்தால் பாதி விளக்கம் தேவைப்பட்டிருக்காது. தொழிற்படை யாழ்ப்பாணத்திலிருந்து, வசிப்பிடக் கணக்கு சாலினாஸிலிருந்து எடுத்துக்கொண்டேன். பருவக்களைவு என்ற பெயர்ச்சொல் கொஞ்சம் முரடாக இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில்தான் வருகிறது, இருக்கட்டும்.

மிச்சம் ஒன்று. கடைசி மாத எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி 'பி' நிற்கும்: பிரிலிமினரி. அடுத்த மாத அறிக்கையில் அதே எண் திருத்தப்பட்டு வரும், ஆண்டுக்கு ஒருமுறை பழைய மாதங்களும் மொத்தமாகத் திருத்தப்படும். 'தற்காலிக' என்றால் தற்காலிக ஊழியர் என்று வேலைக் கணக்கிலேயே குழப்பம் வரும். 'உத்தேச' என்றால் குத்துமதிப்பு என்றாகிவிடுகிறது. 'முதல் எண்' என்று வைத்திருக்கிறேன். மறுப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், கட்டுரை அன்று போகிறது.