வீட்டில் செய்த ஸ்லக் தோட்டா: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

தினேஷ்: (காணொளி)
அண்ணா, இதைப் பார். சின்னச் சின்ன ஈயக் குண்டுகள் நிறைந்த சாதாரண ரவைத் தோட்டாவையே ஒற்றைக் குண்டாக மாற்றிச் சுடுகிறார். பலகை பிளந்து போகிறது.

சரவணன்: பார்த்தேன்டா. காட்டுப்பன்றிக்கு ரவை போதவே இல்லை. ஒற்றைக் குண்டு வைத்த ஸ்லக் தோட்டா வாங்கலாம் என்றால் கிடைக்கவும் இல்லை. நண்பர் ஒருவர் இதே மாதிரி செய்து கொஞ்சம் தோட்டா கொடுத்திருக்கிறார். நாளைக் காலையில் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

கவிதா: அப்பாவின் துப்பாக்கியிலா? முருகேசன் மாமா, கொஞ்சம் இங்கே வாருங்கள்.

முருகேசன் மாமா: வந்துவிட்டேன். சரவணா, அந்தத் தோட்டா எதையும் துப்பாக்கிக்குள் போடாதே. முதலில் அது எப்படிச் செய்தது என்று சொல். மெழுகு ஊற்றியதா, தோட்டாவின் வெளி ஓட்டைச் சுற்றி அறுத்ததா, தனிக் குண்டு வைத்ததா?

சரவணன்: சிலவற்றில் ஓட்டைச் சுற்றி அறுத்த தடம் தெரிகிறது. மற்றதில் ரவையை எடுத்துவிட்டு ஒரே ஈயக் குண்டாக வைத்து மூடியிருக்கிறார். அவர் தன் துப்பாக்கியில் சுட்டாராம், ஒன்றும் ஆகவில்லையாம்.

முருகேசன் மாமா: அந்த "ஒன்றும் ஆகவில்லை" என்பதைத்தான் நம்ப முடியாது மாப்பிள்ளை. தோட்டா வெடிக்கும்போது உள்ளே எவ்வளவு அழுத்தம் வந்தது என்று குழல் உனக்குச் சொல்லாது. எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தாலும் சத்தம் அதே சத்தம், உதை அதே உதை. அளந்து பார்க்க ஆய்வுக்கூடக் கருவி வேண்டும்.

முருகேசன் மாமா: 12 போர் என்ற குழல் அளவுக்கான சாதாரணத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரத்தில் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. பெரிய ரைஃபிள்களில் இது 60,000க்கு மேலும் போகும். அதனால்தான் ரைஃபிள் குழல் கனமாக இருக்கிறது, நம் குழல் மெல்லிசாக இருக்கிறது. கொஞ்சம் கூடினால் தாங்கிக்கொள்ள அதில் பெரிய இடம் இல்லை.

தினேஷ்: ஆனால் வெடிமருந்து அதேதானே மாமா? தோட்டாவில் இருந்த மருந்தை அவர் தொடவே இல்லை.

முருகேசன் மாமா: நல்ல கேள்வி. மருந்து அதேதான், எரியும் வேகம் அதே இல்லை. புகையில்லா மருந்து அழுத்தம் ஏற ஏற வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். முன்னால் இருக்கும் குண்டு கொஞ்சம் கனமாகவோ இறுக்கமாகவோ இருந்து நகரத் தாமதித்தால் போதும், அழுத்தம் கிடுகிடுவென ஏறிவிடும். கம்பெனிக்காரன் இந்த எடைக்கு இந்த மருந்து, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இந்த வாட் என்ற அடைப்பு, இந்த மூடி என்று சேர்த்துச் சோதித்துத்தான் பெட்டியில் அடைக்கிறான். அதில் ஒன்றை மாற்றினாலும் அது சோதிக்காத தோட்டா.

பெரியப்பா: முருகேசா, நம் தாத்தா காலத்தில் ஈயத்தை உருக்கி வார்த்துத்தானே சுட்டார்கள்? யாருக்கும் கை போகவில்லையே.

முருகேசன் மாமா: அத்தான், அது வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. கருமருந்து என்ற பழைய வகை வெடிமருந்து. குழலும் அதற்கேற்ற கனம், முனையில் குறுகலும் கிடையாது. அந்த வழக்கத்தை இந்தத் துப்பாக்கிக்குக் கொண்டுவர முடியாது. அப்புறம், அந்தக் காலத்திலும் குழல் வெடித்துக் கை போனவர்கள் உண்டு.

பெரியப்பா: சரி, அது உண்மைதான். குறுகல் என்கிறாயே, சோக்கா?

முருகேசன் மாமா: அதேதான். 12 போர் என்ற கணக்கே ஒரு பவுண்டு ஈயத்தில் 12 உருண்டை வார்த்தால் அதில் ஒன்றின் அளவு என்பது. 18.5 மில்லிமீட்டர், எடை சுமார் 38 கிராம். சாதாரண ஸ்லக் 28 கிராம்தான். ஃபுல் சோக் குழலின் முனை உள்ளே இருப்பதைவிட ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறுகல். குழலை அடைத்துக்கொண்டு வரும் உருண்டை அங்கே வந்து என்ன செய்யும்? கெட்டியான உலோகமாக இருந்தால் முனையே பிளக்கும்.

சரவணன்: நம்முடையது ஒரு குழல் ஃபுல் சோக் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

முருகேசன் மாமா: கேட்டாயா! கடையில் விற்கும் ஸ்லக்கில் வெளியே சாய்வாக வரிகள் இருக்கும், பார்த்திருப்பாய். 1898இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் பிரென்னெக் ஒரு வடிவம் கொண்டுவந்தார், 1931இல் அமெரிக்காவில் கார்ல் ஃபாஸ்டர் இன்னொன்று. அந்த வரி குண்டைச் சுழற்றத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முக்கியமான வேலை, சோக்கைக் கடக்கும்போது மெத்தென்ற ஈயம் நசுங்கி வழிவிடுவது. நேராகப் போவதற்குக் காரணம், மூக்கில் எடை அதிகம், பின்பக்கம் இலேசு. உன் நண்பர் வைத்த உருண்டைக்கு இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. அப்படியும் கம்பெனி ஸ்லக்கைக்கூடத் துப்பாக்கி செய்தவர் அந்தச் சோக்குக்குச் சரி என்று சொல்லியிருந்தால்தான் போட வேண்டும்.

தினேஷ்: அப்படியென்றால் அறுத்த தோட்டா பரவாயில்லையா? அதில் புதிதாக எதுவும் வைக்கவில்லையே.

முருகேசன் மாமா: எனக்கு அதுதான் இன்னும் பயம். அறுத்த ஓட்டின் முன்பாதி ரவையோடு சேர்ந்து குழலுக்குள் பறக்க வேண்டும். சில நேரம் ரவை மட்டும் போய், பிளாஸ்டிக் வளையம் குழலிலேயே தங்கிவிடும். சுடுகிறவனுக்குத் தெரியாது. அடுத்த தோட்டா அதில் போய் மோதும். 20 போர் தோட்டாவைத் தவறி 12 போர் துப்பாக்கியில் போட்டால் அது நழுவி முன்னால் போய் மாட்டிக்கொள்ளும், அதன்மேல் 12ஐப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். அதைத் தடுக்கத்தான் 20க்கு மஞ்சள் நிற ஓடு. இதுவும் அதே வகை ஆபத்து.

முருகேசன் மாமா: துப்பாக்கிப் பட்டறையில் அப்படி வந்த குழல்களைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் பளபளப்பாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு வளைய நிழல் விழும். அதே இடத்தில் வெளியே விரலை மெதுவாக ஓட்டினால் ஒரு மேடு தட்டுப்படும். அங்கே இரும்பு ஒருமுறை உப்பிவிட்டது என்று அர்த்தம். இடது கை பிடிக்கிற இடமும் பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில்தான்.

கவிதா: மருத்துவமனையில் குழல் வெடித்து வந்தவரைப் பார்த்திருக்கிறேன். விரல்களைச் சேர்த்துத் தைக்கிற நிலை இல்லை. கண்ணுக்கும் தெறித்திருந்தது. பக்கத்தில் நின்றவருக்கும் காயம். அண்ணா, நீ சுடும்போது தினேஷ் பக்கத்தில்தான் நிற்பான்.

கவிதா: இன்னொன்று. ஈயம் உருகுவதே 327 டிகிரி செல்சியஸில். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் உருகின ஈயம் அப்படியே சிதறும். பொடியும் கசடும் கையில், துணியில் ஒட்டி வீட்டுக்குள் வரும். குழந்தைகள் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமே இல்லை. யாரும் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.

சரவணன்: புரிகிறது. அப்படியானால் தோட்டாவைத் திரும்ப நிரப்புகிறார்களே, அவர்கள் எல்லோரும் தப்பா செய்கிறார்கள்?

முருகேசன் மாமா: இல்லை, அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அவர்கள் சோதித்து வெளியிட்ட அட்டவணையை வைத்து, அதில் சொன்ன ஓடு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், வாட், மருந்து, குண்டு எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் சேர்க்கிறார்கள். அதற்கு அனுமதியும் வேண்டும். உன் கையில் இருப்பதற்கு அட்டவணை எங்கே? குண்டு எத்தனை கிராம் என்று உன் நண்பருக்கே தெரியுமா?

சரவணன்: தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

முருகேசன் மாமா: பன்றிக்காகவும் யோசி. வடிவம் சரியில்லாத உருண்டை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. வயிற்றில் பட்டால் அது ஓடிப்போய் நாள்கணக்கில் சாகும், இல்லை உன்மேல் பாயும். சின்ன ரவை 200, 300 மீட்டருக்குள் விழுந்துவிடும். ஒற்றைக் குண்டு அதைத் தாண்டிப் பல நூறு மீட்டர் போகும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே கூடாது.

பெரியப்பா: சரவணா, மாமா சொல்வதைக் கேள். நாளைக்கு வேண்டாம்.

சரவணன்: சுடவில்லை பெரியப்பா. மாமா, இந்தத் தோட்டாக்களைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிடட்டுமா?

முருகேசன் மாமா: கை வைக்காதே. பிரைமர் உயிரோடு இருக்கிறது. குப்பையில், நெருப்பில், தண்ணீர்த் தொட்டியில் எதிலும் போடாதே. நல்ல தோட்டாக்களோடு கலக்காமல் தனி டப்பாவில் வைத்து, மேலே "சுடக் கூடாது" என்று எழுதிப் பூட்டு. காவல் நிலையத்துக்கோ உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்கோ முதலில் போன் பண்ணி, எப்படி ஒப்படைப்பது என்று கேள். உன் நண்பரிடமும் சொல், அவர் குழலை ஒருவர் பார்க்கட்டும்.

தினேஷ்: அவர் சுடும்போது ஒன்று மட்டும் "புஸ்" என்று வந்தது என்றாராம். அதற்கு என்ன அர்த்தம்?

முருகேசன் மாமா: ஐயோ. அப்போது குழலுக்குள் ஏதாவது மாட்டியிருக்கலாம். நல்ல தோட்டாவிலும் அப்படி வந்தால் அடுத்ததைப் போடக் கூடாது. குழலைப் பத்திரமான பக்கம் நீட்டிக்கொண்டு குறைந்தது ஒரு நிமிடம் காத்திருந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, பின்பக்கம் வழியாகக் குழல் முழுக்க வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தினேஷ், அவருக்கு இப்போதே போன் பண்ணு. குழலைப் பார்க்கும் வரை அதில் ஒன்றும் போட வேண்டாம் என்று சொல்.

தினேஷ்: பண்ணுகிறேன் மாமா.

(தினேஷ் அனுப்பிய காணொளி நீக்கப்பட்டது)

முருகேசன் மாமா: சரவணா, நம் துப்பாக்கிக் குழலின் அடியில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எந்த மருந்துக்குச் சோதித்த குழல், தோட்டா அறை எவ்வளவு நீளம் என்று அதில் தெரிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுப் பன்றிக்கு என்ன தோட்டா வாங்கலாம் என்று சொல்கிறேன்.

சரவணன்: சரி மாமா. தினேஷ் போனை முடிக்கட்டும், படம் எடுக்கிறேன்.

தினேஷ்: பேசிவிட்டேன். அவர் குழலுக்குள் பார்த்திருக்கிறார். பாதி தூரத்தில் ஏதோ மறைக்கிறதாம்.

முருகேசன் மாமா: எதையும் குத்தித் தள்ள வேண்டாம் என்று சொல். என் எண்ணைக் கொடு.