பேரு சொல்லி செபம் பண்ணுன எங்க செந்தூல் தாத்தா

எல்லாரும் அவங்கவங்க வீட்டுப் பெரியவங்கள பத்தி எழுதுறத படிச்சிட்டே வந்தேன், எங்க தாத்தாவ பத்தியும் சொல்லியே ஆகணும்னு தோணுச்சு. அம்மாவோட அப்பா. 1930ல பொறந்தவரு, கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே வர்க்‌ஷாப்ல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, சூசையப்பர் கோயில் பங்கு. பக்தியான மனுசன்னு செந்தூல் பழைய ஆளுங்க இன்னிக்கும் சொல்லுவாங்க. காலைல பூசை, சாயங்காலம் செபமாலை, அதெல்லாம் நெறைய பேரு பண்றதுதான், ஆனா அவருகிட்ட ஒரு பழக்கம் இருந்துச்சு, அத நான் வேற யாருகிட்டயும் பாத்ததில்ல.

555 நோட்டு தெரியும்ல, மளிகைக் கடையில கடன் கணக்கு எழுதுவாங்களே, சட்டைப் பையில அடங்குற குட்டி நோட்டு. தாத்தா பையில அது எப்பவும் இருக்கும், கூட ஒரு கட்டப் பென்சில். யாராச்சும் "அங்கள், எனக்காக வேண்டிக்கோங்க"ன்னு சொல்லிட்டா போதும், பசார்ல நின்னாலும் சரி பஸ் ஸ்டாண்டுல நின்னாலும் சரி, அங்கேயே கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு எழுத ஆரம்பிச்சிடுவாரு. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல சேசு மரி சூசைன்னு இருக்கும், அதுக்குக் கீழ பேரு, பேருக்குப் பக்கத்துல விசயம், அவ்வளவுதான். பேருங்கள நான் இங்க போடல, ஆனா இப்படித்தான் இருக்கும்: மகளுக்கு எஸ்பிஎம் பரீட்சை. கால் ஆபரேசன். மகன் கோவிச்சிக்கிட்டு வீட்ட விட்டுப் போயிட்டான். வேலை போச்சு, நாலு புள்ளைங்க. எதிர் வீட்டு சீனத் தாத்தா, கடைத்தெருவுல நாசி லெமாக் விக்கிற மலாய்க்கார அம்மா, தைப்பூசத்துக்கு காவடி எடுக்குற பக்கத்து வீட்டு அண்ணன், எல்லாருமே அந்த நோட்டுல இருப்பாங்க.

ராத்திரி செபமாலை முடிஞ்சதும் நோட்ட தெறந்து ஒவ்வொரு பேரா வாசிப்பாரு, ஒவ்வொரு பேருக்கும் நாங்க ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லணும். அவரு மட்டும் கடைசி வரைக்கும் பழைய மாதிரிதான், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே"ன்னு நிதானமா இழுத்து சொல்லுவாரு, நாங்க முடிச்சிட்டு அவரு முடிக்கிற வரைக்கும் முட்டி போட்டுக்கிட்டே காத்திருப்போம். சின்னப் பசங்க, தூக்கம் கண்ண கட்டும், இருந்தாலும் ஒரு பேரு கூட விட மாட்டாரு. காரியம் நடந்துடுச்சுன்னு சேதி வந்தா அந்த வரியில ஒரு கோடு போடுவாரு, அன்னிக்கு நன்றிக்கு தனியா ஒரு கர்த்தர் கற்பித்த செபம். "வேண்டிக்கிறேன்னு வாய தெறந்து சொல்லிட்டா அது கடன்டா, கடன வச்சிக்கிட்டு படுக்கக் கூடாது"ன்னு சொல்லுவாரு. இப்பெல்லாம் வாட்சப்ல கைகூப்புற படம் ஒண்ண அனுப்பிட்டு அடுத்த நிமிசமே மறந்துடுறோம், அத பாக்குறப்பெல்லாம் எனக்கு தாத்தாவோட பென்சில் ஞாபகம்தான் வரும்.

பேரு மேல அவருக்கு ஏன் அவ்வளவு பிடிப்புன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அவரோட அப்பா, அதாவது எங்க கொள்ளுத்தாத்தா, சிலாங்கூர்ல ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு. ஜப்பான்காரன் காலத்துல சயாம் மரண ரயில் பாதை போடுற வேலைக்கு புடிச்சிட்டுப் போயிட்டாங்க. சயாம்ல இருந்து, அதாவது இப்ப தாய்லாந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர், 1942லயும் 43லயும் காட்ட வெட்டிப் போட்ட லைன், நம்ம தோட்டங்கள்ல இருந்து மட்டும் பல்லாயிரக்கணக்கான தமிழங்க போனாங்க, காலரா, மலேரியா, பட்டினி, அடின்னு கொத்துக் கொத்தா செத்தாங்க. கொள்ளுத்தாத்தா திரும்பி வரல. எந்த கேம்புல செத்தாரு, யாரு பொதச்சாங்க, ஒண்ணும் தெரியாது. வருசா வருசம் ஒரு நினைவுப் பூசை வைக்கலாம்னா இறந்த தேதின்னு ஒண்ணு வேணும்ல, அதுவும் கெடையாது. அப்ப தாத்தாவுக்கு 13 வயசு.

அதனால நவம்பர் 2, கல்லறைத் திருநாள்தான் அவருக்கு அப்பாவோட நாள். செராஸ் கத்தோலிக்க கல்லறைக்கு ஒரு பை நெறைய மெழுகுவத்தி தூக்கிட்டுப் போவாரு. எங்க சொந்தக்காரங்க கல்லறைக்கு கொளுத்துறது கொஞ்சம்தான், மத்ததெல்லாம் யாரும் வராத கல்லறைங்களுக்கு. புல்லு மண்டி சிலுவை சாஞ்சு கெடக்கும், அவரு குனிஞ்சு கைக்குட்டையால கல்ல தொடச்சு, எழுத்து தேஞ்சிருந்தா வெரலால தடவித் தடவிக் கூட்டி, பேர சத்தமா வாசிச்சிட்டுதான் மெழுகுவத்திய ஏத்துவாரு. காத்து அணைச்சுட்டா திரும்ப வந்து ஏத்துவாரு.

எங்க மாமா ஒரு தடவ அவர தாய்லாந்துல அந்த லைன் போன காஞ்சனபுரிக்கு கூட்டிட்டுப் போனாரு, நானும் போனேன். அங்க அந்த லைன் வேலையில செத்த நேசப்படை சோல்ஜருங்களோட கல்லறைத் தோட்டம் இருக்கு, ஏறக்குறைய 7000 பேரு, வரிசையா கல்லு, பேரு, வயசு, பட்டாளம், எல்லாம் எவ்வளவு அழகா வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்களுக்கு அந்த மாதிரி பேரு போட்ட கல்லு கெடையாது. தாத்தா கோவப்படல. வெயில்ல நின்னு அந்த வெள்ளக்காரப் பேருங்கள எழுத்துக் கூட்டி வாசிச்சாரு, பத்தொம்பது வயசு இருபது வயசுன்னு கண்ணுல பட்டப்பெல்லாம் "சின்னப் புள்ளடா இது"ன்னாரு. அப்புறம் அந்த ரயில் லைனோட ஆத்துப் பாலத்துக்கிட்ட போய் அவங்க அப்பா பேர சொல்லி செபம் பண்ணாரு.

மத்தபடி எல்லாம் பழைய காலத்து கத்தோலிக்கர் மாதிரிதான். பெரிய வெள்ளிக்கு சபா சரவாக்லதான் லீவு, இங்க கெடையாது, அதனால ஒவ்வொரு வருசமும் சொந்த லீவு போட்டுட்டு கஞ்சி மட்டும் குடிச்சிட்டு சிலுவைப் பாதைக்குப் போவாரு. ஜூலைல புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு குடும்பத்தோட ரயில், பாயும் சோத்துப் பொட்டலமும்.

2020 மார்ச்ல கொரோனாவுக்கு எம்சிஓ, அதாவது ஊரடங்கு, போட்டு கோயிலெல்லாம் மூடுனப்ப அவருக்கு 90 வயசு. ஞாயித்துக்கிழம காலைல குளிச்சு, வெள்ளச் சட்ட, சப்பாத்து எல்லாம் போட்டுக்கிட்டு என் கைப்பேசி முன்னாடி உக்காருவாரு, நற்செய்தி வாசிக்கிறப்ப கட்டில புடிச்சுக்கிட்டு எழுந்து நிப்பாரு. நற்கருணை நேரத்துல மட்டும் அழுதுடுவாரு. பூசை முடிஞ்சதும் நோட்ட எடுப்பாரு, அந்த வருசம் பக்கம் பக்கமா நெறைஞ்சுச்சு, ஆஸ்பத்திரில இருக்கறவங்க, வேலை போனவங்க. அடுத்த வருசம் தாத்தா போயிட்டாரு, வயசானதாலதான். அடக்கத்துக்கு கொஞ்ச பேர்தான் போக முடிஞ்சுச்சு.

நோட்டு இப்ப மாமாகிட்ட இருக்கு, கோடு போடாத பேருங்கள ராத்திரி வாசிக்கிறாரு, புதுப் பேரும் எழுதுறாரு. இத நான் எழுதுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. உங்க வீட்டுல சயாமுக்குப் போய் திரும்பாதவங்க யாராச்சும் இருந்தா, பேரும் எந்தத் தோட்டம்னும் கீழ எழுதுங்க. தோட்டம் தெரியலன்னா பேரு மட்டும் போதும், எந்த சாமிய கும்பிட்டவங்களா இருந்தாலும் சரி. நவம்பர் 2க்கு மாமாவும் நானும் செராஸுக்குப் போறோம், எழுதி எடுத்துட்டுப் போய் வாசிக்கிறோம்.