ஊருக்குப் போகும்போது வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் பாதுகாப்பு

கேள்வி (ஈசூன்வாசி): நாங்கள் இரண்டாம் மாடியில், தாழ்வாரத்தை ஒட்டிய வீட்டில் வசிக்கிறோம். தீபாவளிக்குக் குடும்பத்தோடு தமிழ்நாடு செல்லவிருப்பதால், வாசலில் கண்காணிப்புக் கேமரா பொருத்தலாமா, அதற்கு நகர மன்றத்தின் அனுமதி வேண்டுமா என்று அறிய விரும்புகிறேன்.

பதில் (தெம்பனிஸ் மாமா): 2023 மே மாதத்திலிருந்து அனுமதி தேவையில்லை, ஆனால் கேமரா அண்டை வீட்டாரின் கதவையோ சன்னலையோ நோக்கியிருக்கக் கூடாது. என்னைக் கேட்டால், கேமரா திருடனைப் படம்பிடிக்குமே தவிரத் தடுக்காது. முதலில் இரும்புக் கதவின் பூட்டைப் பாருங்கள்: வளையம் வெளியே நீண்டிருக்கும் பூட்டை வெட்டுக்கருவியால் எளிதில் அறுத்துவிடலாம் என்பதால், வளையம் பெரும்பாலும் உடலுக்குள் மறைந்திருக்கும் பூட்டே நல்லது. தாழ்வாரத்தை நோக்கிய சன்னலுக்கு அருகில் சாவியை மாட்டி வைப்பதையும் (நம்மவர்களிடம் இது அதிகம்) நிறுத்திவிடுங்கள்.

பதில் (மலர்விழி): மின்னிலக்கப் பூட்டு வாங்குவதாக இருந்தால், உங்கள் வாசற்கதவு தீத்தடுப்புக் கதவா என்று முதலில் பாருங்கள், ஏனெனில் அதில் பொருந்தாத பூட்டுக்காகத் துளையிட்டால் கதவின் தீத்தடுப்புத் திறன் கெடும். பயணத் தேதிகளைச் சமூக ஊடகத்தில் பதிவிடாமல், வாசலில் சேரும் பொட்டலங்களை எடுத்து வைக்குமாறு பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் செல்லுங்கள்.

ஈசூன்வாசி: நன்றி. பூட்டை இந்த வாரமே மாற்றிவிடுகிறேன். கேமராவைப் பற்றிப் பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மலாய் அம்மையாரிடம்) பேசிவிட்டு முடிவு செய்வேன்.