அல்சூர் ஏரிக்குள் வள்ளுவர் நிற்பது யார் குற்றம்?

அல்சூர்க்காரன் (ஞாயிறு, இரவு 9.12)

இன்று காலை நம் படக்குழுவின் நடையின்போது கோலார்த்தங்கம் ஐயா எல்லோர் முன்னிலையிலும் ஒன்று சொன்னார். "கேமராவில் கடிகாரம் சரியாக இருந்தால் போதும், இடம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை என்றால் படம் எடுத்தவன் சோம்பேறி." சொல்லும்போது அவர் கண் என் மேல்தான் இருந்தது. போன மாதம் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் நான் எடுத்த திருவள்ளுவர் சிலைப் படம் வரைபடத்தில் ஏரித் தண்ணீருக்குள் விழுந்திருக்கிறது. அதைத்தான் இடித்துக் காட்டுகிறார்.

புதிதாக வந்தவர்களுக்காக: என் கேமராவில் ஜிபிஎஸ் கிடையாது. பையில் இருக்கும் கைபேசி, நடந்த தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாகப் பதிவு செய்யும். வீட்டுக்கு வந்ததும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் அந்தத் தடத்தையும் படம் எடுத்த நேரத்தையும் ஒப்பிட்டு, அந்த வேளையில் நான் எங்கே இருந்தேனோ அந்த அட்சரேகை, தீர்க்கரேகையைப் படக்கோப்புக்குள் எழுதிவிடும். இவ்வளவுதான் வித்தை. இதில் சோம்பேறித்தனம் எங்கே வந்தது? ஏரிக்குள் நான் நடந்தேனா?

கோலார்த்தங்கம் (9.31)

நான் பெயர் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன். உடனே ஓடிவந்து "நான் இல்லை" என்கிறீர்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

ஒரே கேள்வி. அன்று உங்கள் கேமராக் கடிகாரம் எவ்வளவு பின்தங்கியிருந்தது?

அல்சூர்க்காரன் (9.36)

1 நிமிடம் 40 வினாடி. நான் எதையும் மறைக்கவில்லையே.

கோலார்த்தங்கம் (9.44)

ஆக 100 வினாடி. மனிதன் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பான், அதாவது வினாடிக்கு 1.4 மீட்டர். நூறால் பெருக்கினால் 140 மீட்டர். இப்போது வரைபடத்தைத் திறந்து, சிலைக்கும் உங்கள் புள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்லுங்கள்.

அல்சூர்க்காரன் (9.52)

140 மீட்டர். ஆனால்

கோலார்த்தங்கம் (9.53)

ஆனால் ஆவன்னா எல்லாம் வேண்டாம். கணக்கு முடிந்தது. கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கத்தில் அளவெடுத்தவன் நான். அங்கே ஜிபிஎஸ்ஸும் இல்லை, வானமும் இல்லை. ஒரு முழம் பிசகினால் இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்து வருகிறவர்கள் சந்திக்கவே மாட்டார்கள். உங்களுக்கு ஒரு கடிகாரத்தைச் சரியாக வைக்க முடியவில்லை.

ஃப்ரேசர்டவுன் தம்பி (10.05)

பாவம் வள்ளுவர். 1991இல் சிலையை நிறுவி, 18 ஆண்டுகள் மூடியே வைத்திருந்து, 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். வெளியே வந்து நிம்மதியாக நின்றவரை நம் ஆட்கள் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். கன்னியாகுமரியில்தான் ஐயன் கடலுக்குள் நிற்கிறார் அண்ணா, இங்கே கரையில்!

இவ்வளவு கணக்கு எதற்கு? வரைபடத்தில் அந்தப் புள்ளியைச் சுட்டியால் பிடித்து இழுத்துக் கரையில் விட்டால் அரை நிமிட வேலை.

கோலார்த்தங்கம் (10.11)

கையால் இழுத்து வைப்பதற்குப் பெயர் பதிவு இல்லை தம்பி. பொய்ச்சாட்சி.

தொங்குபை (10.30)

இதற்குத்தான் நான் தலைதலையாக அடித்துக்கொள்கிறேன். கேமராவின் தலையில் மாட்டும் ஜிபிஎஸ் கருவியை வாங்குங்கள். நிகான் 2008இலேயே ஜிபி-1 கொண்டுவந்துவிட்டது. ஷட்டரை அழுத்திய கணத்திலேயே இடமும் கோப்புக்குள் போய்விடும். கடிகாரப் பஞ்சாயத்தே வராது. என் படங்களில் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரை வருகிறது, தெரியுமா?

அதோடு கோலார்த்தங்கம் சார் கணக்கே தப்பு. அட்சரேகையில் ஒரு வினாடி என்பது 31 மீட்டர். 100 வினாடி என்றால் 3,100 மீட்டர். வள்ளுவர் கப்பன் பூங்காப் பக்கம் போயிருக்க வேண்டும்.

நாலாவது பிளாக் (10.41)

தொங்குபை, நீங்கள் சொல்வது கோண வினாடி. விகலை என்பார்கள். ஐயா சொல்வது கடிகார வினாடி. இரண்டையும் சேர்த்துக் குழப்பாதீர்கள்.

ஆறாவது இலக்கம் என்றால் பதினோரு சென்டிமீட்டர். திறந்த வானத்தின் கீழேயே கைபேசி சுமார் 5 மீட்டர் பிசகும். மரத்தடியிலும் மாடிக்கட்டடங்களுக்கு இடையிலும் கேட்கவே வேண்டாம். உங்கள் கருவி மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்ததா? இலக்கம் நீளமாக இருந்தால் அது இலக்கம், அவ்வளவுதான்.

தொங்குபை (10.47)

வினாடி வினாடிதான். எனக்கு யாரும் தமிழ் கற்றுத்தர வேண்டாம்.

கோலார்த்தங்கம் (10.58)

உங்கள் கருவியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். டொம்லூர் நடையில் பார்த்தோமே. எல்லோரும் கோயிலுக்குள் போயாயிற்று. இவர் மட்டும் வாசலில், கேமராவை ஆரத்தித் தட்டு மாதிரி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி, செயற்கைக்கோள் வரட்டும் என்று நின்றார். வரம் கேட்கிறார் என்று நினைத்து ஒரு பாட்டி இவருக்கும் குங்குமம் கொடுத்துவிட்டுப் போனார்.

தொங்குபை (11.02)

ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 வினாடிக்கு ஒரு முறைதான் திருப்பிச் சொல்லும். அதை முழுதாகக் கேட்காமல் எந்தக் கருவியும் இடம் சொல்ல முடியாது. கைபேசி அதை இணையம் வழியாக முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்கிறது. அதனால் அதற்கு அவசரம் கைகூடுகிறது. இது அறிவியல். கிண்டலுக்குரிய விஷயம் இல்லை.

டொம்லூரைப் பற்றிப் பேச உங்களுக்கு வாய் வருகிறதா சார்? போன வருடம் குழுவின் படங்கள் 42க்கும் நானே இடம் போட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனீர்கள். சொக்கநாதர் கோயில் கல்வெட்டு அத்தனையும் உங்கள் வீட்டு மொட்டைமாடியில் விழுந்து கிடந்தன. மறந்துவிட்டதா?

கல்வெட்டுப்பித்தன் (11.09)

ஆமாம்! நான் எதுவும் தெரியாமல் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினேன். அம்மா மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். சோழர் காலத்துக் கல் எங்கே என்று கேட்டேன். அம்மிக்கல்லைக் காட்டினார்கள்.

கோலார்த்தங்கம் (11.20)

அது நேர மண்டலப் பிழை. கடிகாரப் பிழை இல்லை. ஜிபிஎக்ஸ் கோப்பு உலகப் பொதுநேரத்தில் எழுதும். கேமரா நம் ஊர் நேரத்தில் எழுதும். அது எந்த ஊர் நேரம் என்று படக்கோப்பில் குறிக்க இடமே இல்லாமல்தான் எக்ஸிஃப், அதாவது படக்கோப்புக்குள் நேரமும் விவரமும் எழுதும் முறை, பல காலம் இருந்தது. 2016இல் வந்த 2.31 பதிப்பில்தான் அதற்கு இடம் வைத்தார்கள். காலை 9 மணிப் படத்தை மென்பொருள் பொதுநேரம் 9 மணி என்று எடுத்துக்கொண்டால் நமக்கு அது மதியம் 2.30. கைபேசி அப்போதும் தடம் பதிந்துகொண்டே இருந்தது. மதியம் 2.30க்கு நான் வீட்டில் இருந்தேன். ஆகவே மென்பொருள் உண்மையைத்தான் சொன்னது.

ஃப்ரேசர்டவுன் தம்பி (11.23)

சாப்பிட்டுப் படுத்திருந்தீர்கள் என்ற உண்மையை.

நாலாவது பிளாக் (திங்கள், காலை 6.50)

இரவெல்லாம் சண்டை போட்டீர்களே, ஒருவராவது அந்தத் தடக் கோப்பைத் திறந்து பார்த்தீர்களா? அல்சூர்க்காரனிடம் வாங்கி நான் பார்த்தேன். ஏரியைச் சுற்றி நடந்த நேரத்தில் மொத்தமே இரண்டு புள்ளிகள். 7.12க்குக் குருத்வாரா பக்கம் ஒன்று. 7.30க்குச் சிலையருகே ஒன்று. நடுவில் 18 நிமிடம் வெறுமை. பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று கைபேசி அந்தச் செயலியைத் தூங்கவைத்துவிட்டது.

இப்படி இடைவெளி விழுந்தால் எக்ஸிஃப்டூல் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே நேர்கோடு போட்டு, நேர விகிதப்படி அதன்மேல் படத்தை வைக்கும். அரை மணி வரையிலான இடைவெளியை அது இப்படித்தான் நிரப்பும். அளவை நாமாக மாற்றினால்தான் மாறும். அந்தக் கோட்டின் நீளம் 630 மீட்டர், ஏரிக்குக் குறுக்கே போகிறது. படத்தின் நேரம் 7.26. மிச்சம் 4 நிமிடம். பதினெட்டில் நான்கு பங்கு என்றால், சிலைக்கு 140 மீட்டர் முன்னால், தண்ணீரில்.

கடிகாரம் பின்தங்கினால் படம் நடந்த தடத்தின் மேல்தான் பின்னால் நகரும். ரோட்டில் விழும், ஏரியில் விழாது.

கோலார்த்தங்கம் (7.15)

உங்களுக்கும் 140 மீட்டர். எனக்கும் 140 மீட்டர். பிறகு எதற்கு இவ்வளவு நீளமான பதிவு?

அல்சூர்க்காரன் (7.40)

ஐயா சொல்கிறாரே என்று இப்போது கடிகார வித்தியாசத்தைச் சரிக்கட்டும் ஜியோசிங்க் கட்டளையில் 1 நிமிடம் 40 வினாடியைக் கூட்டி மறுபடி ஓட்டினேன். வள்ளுவர் 58 மீட்டர் கரைப்பக்கம் நகர்ந்தார். இன்னும் 82 மீட்டர் பாக்கி. தண்ணீரில்தான் நிற்கிறார்.

கோலார்த்தங்கம் (7.42)

நகர்ந்தாரா இல்லையா?

அல்சூர்க்காரன் (7.43)

நகர்ந்தார். கரையேறவில்லை.

கோலார்த்தங்கம் (7.44)

நகர்ந்தார் என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று. எதை மாற்றியதும் நகர்ந்தார்? கடிகாரத்தை.

நாலாவது பிளாக் (7.58)

ஐயா, தடமே இல்லாத இடத்தில் கடிகாரம் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊரே இல்லாத ரயிலுக்கு நேர அட்டவணை போடுவது மாதிரி இருக்கிறது. பேட்டரிச் சேமிப்பிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்குக் கொடுத்து, ஐந்து வினாடிக்கு ஒரு புள்ளி பதியச் சொல்லுங்கள். தீர்ந்தது.

கோலார்த்தங்கம் (8.20)

அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஐந்து வினாடிக்கு ஒரு புள்ளி இருந்தாலும் கடிகாரம் 100 வினாடி தப்பு என்றால் 140 மீட்டர் தப்புதான். ரயிலில் போகிறீர்கள், 100 கிலோமீட்டர் வேகம் என்று வையுங்கள். வினாடிக்கு 28 மீட்டர். 100 வினாடியில் கிட்டத்தட்ட 2.8 கிலோமீட்டர். பங்காருப்பேட்டை ஸ்டேஷன் பொட்டல்காட்டுக்குப் போய்விடும். நான் நடை தொடங்கும்போது கைபேசித் திரையில் வினாடி ஓடுவதை முதல் படமாக எடுத்துவைக்கிறேன். வீட்டில் வந்து பார்த்தால் எத்தனை வினாடி வித்தியாசம் என்று தெரிந்துவிடும். செலவு ஒரு படம். இதைச் செய்யாதவனைச் சோம்பேறி என்னாமல் என்னவென்பது?

கல்வெட்டுப்பித்தன் (9.05)

இடம் எதற்கு என்பதையே எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கல்வெட்டு அறிஞர் ரைஸ் 1905இல் வெளியிட்ட எபிகிராஃபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாம் தொகுதியை எடுத்துக்கொண்டு கல் தேடிப்பாருங்கள். ஊர்ப் பெயர் இருக்கும், ஏரிக்குப் பக்கத்தில் என்று இருக்கும். இன்றைக்கு அந்த ஏரி எங்கே, வயல் எங்கே? ரோடு போடுகிறவர்கள் கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டால் நாம் எடுத்த படத்தில் இருக்கும் இடம்தான் சாட்சி. ஐந்து மீட்டர் முன்பின் இருந்தால் பரவாயில்லை. தேடிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இடப்பெயர் எழுதும்போது அல்சூர் என்று வெள்ளைக்காரன் வாயில் நசுங்கியதை எழுதாதீர்கள். ஹலசூரு. பலாமரத்தால் வந்த பெயர் என்பார்கள்.

அல்சூர்க்காரன் (9.11)

என் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் அல்சூர் என்றுதான் சொல்கிறோம். கேமராப் பேச்சுக்கு நடுவில் என் பெயரையும் மாற்றவேண்டுமா?

தொங்குபை (9.30)

என் கருவி உயரத்தையும் எழுதும். உங்கள் யாருக்கும் அது வராது என்று நினைக்கிறேன்.

நாலாவது பிளாக் (9.38)

வருகிறது. பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். சில செயலிகள் பூமியைக் கணித நீள்வட்டமாக வைத்துக்கொண்டு அளக்கும். நம் பக்கத்தில் அந்த அளவு 80 மீட்டருக்கு மேல் குறைத்துக் காட்டும். இதற்கும் சண்டை போடாதீர்கள்.

இன்னொன்று. ஹெசரகட்டாவில் ஆந்தைக் கூடு படம் போட்டவர் யார்? அந்தப் படத்தில் இடத்தை அழித்துவிடுங்கள். அருகிவரும் உயிர் என்றால், உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளமே சரியான புள்ளியை மறைத்து எங்கோ பரவலாகக் காட்டும். நாம் கூட்டின் வாசலைக் காட்டிக்கொண்டிருக்கிறோம். சில செயலிகள் அனுப்பும்போது இடத்தை உரித்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். மூலக்கோப்பாக அனுப்பினால் எல்லாம் கூடவே போகும்.

கோலார்த்தங்கம் (10.02)

ஆந்தையை அப்புறம் பார்க்கலாம். நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. கடிகாரம் 100 வினாடி பின்தங்கியிருந்தது. ஆமா, இல்லையா?

ஃப்ரேசர்டவுன் தம்பி (10.15)

நான் அரை நிமிடத்தில் இழுத்துக் கரையில் வைத்துவிட்டேன். படம் குழுவின் ஆல்பத்தில் இருக்கிறது. எல்லோரும் வேலைக்குப் போகலாம்.

கோலார்த்தங்கம் (10.16)

யாரைக் கேட்டுத் தொட்டாய்? பழைய இடத்திலேயே கொண்டுபோய் வை. அது ஆதாரம்.

அல்சூர்க்காரன் (10.24)

அடுத்த ஞாயிறு பேகூர் நாகேசுவரர் கோயில். பெங்களூர்ப் போரைச் சொல்லும் நடுகல் படம் எடுக்க வேண்டும். காலை 7 மணிக்கு வாசலில் கூடலாம். வடை யார் முறை?

கோலார்த்தங்கம் (10.25)

7 மணி யார் கடிகாரப்படி? உங்கள் கடிகாரப்படியா?