ஐப்பசி மழையில குமார பர்வதம்: போலாமா, வேணாமா?

பெல்லந்தூர்_பாலா:
வணக்கம் மக்களே. ஆபீஸ்ல நாலு பேர் சேந்து அக்டோபர் கடைசி வாரம் கர்நாடகாவுல இருக்கிற குமார பர்வதம் மலை ஏறப் போறோம், ஆன்லைன்ல டிக்கெட்டும் போட்டாச்சு. குக்கே சுப்ரமண்யா கோயில் பக்கமா ஏறி அதே வழியில இறங்குறது, போக வர 25 கிலோமீட்டர் கிட்ட, எல்லாம் ஒரே நாள்ல. இப்ப பாத்தா பெங்களூர்லயே மூணு நாளா மழை விட்டபாடில்ல, அங்க எப்படி இருக்கும்னு யோசிச்சாலே வயித்த கலக்குது. நந்தி ஹில்ஸ் படி ஏறினதுதான் நம்ம அனுபவம். 1712 மீட்டர் தானே, இமயமலையா என்னன்னு ஒருத்தன் சொல்றான். அம்மா வேற, குக்கே வரைக்கும் போற, அப்படியே சர்ப்ப தோஷ பூஜையும் முடிச்சிட்டு வந்துடுங்கிறாங்க. ஜீன்ஸ் போதுமா? இல்ல கேன்சலே பண்ணிடவா?

அட்டைக்கு_அன்னதானம்:
தம்பி, உங்க ஃப்ரெண்ட் கணக்கு தப்பு. குக்கே கிட்டத்தட்ட கடல் மட்டத்துக்குப் பக்கத்துல இருக்கு, 120 மீட்டர் வாக்குல. அங்க இருந்து 1712க்கு ஏறணும்னா ஒரே மூச்சுல 1600 மீட்டர் ஏத்தம். நந்திக்கு வண்டியிலயே பாதி உயரம் போயிடுறோம், அதோட இத ஒப்பிடவே கூடாது. மலையேறுறவங்க பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதுபோக 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு மணி நேரம். அதுபடி ஏற மட்டும் அஞ்சு மணி நேரத்துக்கு மேல, அதுவும் காஞ்ச தரையில, செல்ஃபி எடுக்காம 😄 சேத்துல ஏழெட்டு வெச்சுக்கோங்க. மெஜஸ்டிக்ல நைட் பஸ் ஏறினா விடியக்காலைல இறக்கி விடுவான், டீ குடிச்சிட்டு உடனே கிளம்பிடுங்க. அட்டைக்கு சாக்ஸ்ல வேப்பெண்ணெய் தடவிக்கோங்க, பாக்கெட்ல கொஞ்சம் உப்பு. கடிச்சா கடிக்கட்டும், அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல.

ஒயிட்ஃபீல்ட்_அக்கா:
அட்டைய விடுங்க, ஜீன்ஸ் மேட்டருக்கு வாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி இதே ஐப்பசியில நாங்க போனோம். வழியில இருக்கிற பட்டர மனைங்கிற வீடு வரைக்கும் காடு, மழை பெருசா தெரியல. ஃபாரஸ்ட் செக்போஸ்ட் தாண்டினதும் வெறும் புல்வெளி, ஒதுங்க மரம் கிடையாது, காத்து அடிச்சா நேரா நெஞ்சுலதான். கல்லு மண்டபத்துல உக்காந்தப்போ கூட வந்த பொண்ணு குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட்ட பிரிக்க முடியாம தடவிட்டே இருந்தா, நாங்க ஏதோ டயர்டுன்னு கிண்டல் பண்ணிட்டு இருந்தோம், அப்புறம் பாத்தா பேச்சே குழறுது. காட்டன் டீஷர்ட், ஜீன்ஸ், ரெண்டும் சொட்டச் சொட்ட. ஈரத்துணி உடம்புச் சூட்ட உறிஞ்சிட்டே இருக்கும், அதுக்கு ஐஸ் மலை வேணாம், 15 டிகிரியும் காத்தும் இருந்தா போதும். உடம்பு சூடு 35 டிகிரிக்குக் கீழ போனாலே ஹைப்போதெர்மியா. நடுக்கம் இருக்கிற வரைக்கும் உடம்பு போராடுதுன்னு அர்த்தம், சூடே ஏறாம நடுக்கம் மட்டும் நின்னுச்சுன்னா அதுதான் பயப்படணும். என் பைல காஞ்ச ஸ்வெட்டர் ஒண்ணு இருந்துச்சு, அத மாட்டி விட்டு, இனிப்பா குடிக்கக் குடுத்து, அங்கயே திரும்பிட்டோம். உச்சிய நான் இன்னும் பாக்கல, சத்தியமா வருத்தமும் இல்ல.

மாத்துத் துணிய பிளாஸ்டிக் கவர்ல இறுக்கிக் கட்டி பைக்குள்ள வைங்க. பைக்கு மேல மாட்டுற ரெயின் கவர மட்டும் நம்பாதீங்க, முதுகுப் பக்கமா தண்ணி இறங்கிடும்.

கோரமங்களா_கோழி:
அக்கா சொன்னதுக்கு +1. அக்டோபர் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல இடியோட வரும், அந்த நேரம் மொட்டப் புல்வெளியில நிக்கவே கூடாது. உச்சிக்கு முன்னாடி வர்ற சேஷ பர்வதம் தாண்டி ஒரு காட்டுக்குள்ள இறங்கி மறுபடி பாறையில ஏறணும், மழைன்னா அந்தப் பாறை மேலயே தண்ணி ஓடும், ஏறிடலாம் ப்ரோ, இறங்குறப்போதான் தெரியும். மேல டென்ட் போட விடமாட்டாங்க, ஆறு மணிக்கெல்லாம் இருட்டிடும். அதனால 12 மணி ஆச்சா, எங்க நின்னாலும் திரும்பிடுங்க. ஆளுக்கொரு தலையில மாட்டுற ஹெட்லைட், போன் டார்ச்ச நம்பி வராதீங்க.

பெல்லந்தூர்_பாலா:
ரொம்ப நன்றிக்கா, ப்ரோ. ஜீன்ஸ் கேன்சல், டிரிப்ப இப்போதைக்கு கேன்சல் பண்ணல. இமயமலை பேசினவனுக்கு இந்தப் பேஜ அனுப்பிட்டேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல. முந்தின நாள் வானிலை பாத்துட்டு ரெட் அலர்ட்னா பூஜையோட பஸ் ஏறிடுறோம். கடைசியா ஒண்ணு, மழைக்கு போர்வை மாதிரி தலை வழியா மாட்டுற பொஞ்சோவா, ரெயின் ஜாக்கெட்டா?

ஒயிட்ஃபீல்ட்_அக்கா:
ஜாக்கெட். அந்தக் காத்துல பொஞ்சோ பாய்மரம் மாதிரி தூக்கும், காலடி எங்க வைக்கிறோம்னே தெரியாது.