3டிஎஸ்ஸைக் காப்பாற்றியது விலைக்குறைப்பா, மரியோவா?

சில்லறைக்கணக்கு:
"நல்ல கேம் வந்தால் கன்சோல் தானாக விற்கும்" என்பதை இங்கே வாரத்துக்கு இரண்டு முறையாவது யாராவது எழுதிவிடுகிறார்கள். அதற்கு எதிராக ஒரே ஒரு கணக்கு.

நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோல் (கையில் வைத்து விளையாடும் கேம் பெட்டி) 3டிஎஸ் 2011 பிப்ரவரி 26 அன்று ஜப்பானில் 25,000 யென்னுக்கும், மார்ச் 27 அன்று அமெரிக்காவில் 249.99 டாலருக்கும் வந்தது. ஏப்ரல்–ஜூன் காலாண்டில் உலகம் முழுக்கப் போனது வெறும் 7.1 லட்சம். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் விலையை 15,000 யென், 169.99 டாலர் என்று இறக்கினார்கள். ஜப்பானில் 40 சதவீதம், அமெரிக்காவில் 32 சதவீதம் குறைப்பு. ஜூலை–செப்டம்பர் காலாண்டில் 23.6 லட்சம் போனது, அதாவது மூன்று மடங்குக்கும் மேல். அந்த மூன்று மாதத்தில் புது மரியோ கேம் வரவில்லை, மரியோ கார்ட்டும் வரவில்லை. செல்டா கேமின் மறுபதிப்பு ஜூனிலேயே வந்தாயிற்று. அப்புறம் எது விற்றுக்கொடுத்தது?

மஞ்சள்தொப்பி:
கணக்கில் தப்பில்லை, பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்பதுதான் பிரச்சினை. அடுத்த காலாண்டையும் போடுங்கள். அக்டோபர்–டிசம்பர் 2011-இல் 83.6 லட்சம். விலை ஆகஸ்டிலேயே குறைந்துவிட்டது, அக்டோபரில் மறுபடி குறையவில்லை. புதிதாக வந்தவை சூப்பர் மரியோ 3டி லேண்ட் (நவம்பர்), மரியோ கார்ட் 7 (டிசம்பர்), ஜப்பானில் டிசம்பர் 10 அன்று மான்ஸ்டர் ஹன்டர் 3ஜி. கடைசியாகச் சொன்னது சாதாரண விஷயமில்லை. சோனியின் கையடக்கமான பிஎஸ்பியை ஜப்பானில் தூக்கி நிறுத்திய கேம் தொடர் அது. அடுத்த பாகமும் 3டிஎஸ்ஸுக்குத்தான் என்று அதே ஆண்டு அறிவித்தபோது, இன்னும் கடைக்கே வராத சோனியின் அடுத்த கையடக்கம் வீட்டாவின் காலை வாரிவிட்டார்கள்.

சில்லறைக்கணக்கு:
டிசம்பரில் எந்தக் கன்சோல்தான் விற்காது? பண்டிகைக் காலாண்டைக் காட்டி கேமுக்கு மாலை போடாதீர்கள். அதோடு அந்தக் குறைப்பு சும்மா எடுத்த முடிவுமில்லை. செலவுக்கும் கீழே விற்றார்கள். நின்டெண்டோ தலைவர் இவாதா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். முழு விலை கொடுத்து முன்பே வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள், பத்து பழைய ஃபேமிகாம் கன்சோல் காலத்தவை, பத்து கேம் பாய் அட்வான்ஸ் கையடக்கத்துடையவை. 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 3,730 கோடி யென் இயக்க நஷ்டம். நவம்பரில் மரியோ வருவது ஜூலையிலேயே அவர்களுக்குத் தெரியும். மரியோ போதும் என்று நம்பியிருந்தால் இந்த நஷ்டத்தை ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

கட்டைவிரல்:
சண்டைக்கு முன் எண்களைச் சரியாகப் படிப்போம், இரண்டு பேருமே சறுக்குகிறீர்கள்.

நின்டெண்டோ வெளியிடுவது கடைக்கு அனுப்பிய எண்ணிக்கை, வாங்கியவர் வீட்டுக்குப் போன எண்ணிக்கை அல்ல. 2011 மார்ச் முடிவதற்குள், ஒரு மாதச் சொச்சத்தில், 36.1 லட்சம் 3டிஎஸ் கடைகளுக்குப் போய்விட்டது. அலமாரி நிரம்பி வழியும்போது கடைக்காரர் புதிதாக ஆர்டர் போடமாட்டார். அதனால் அந்த 7.1 லட்சம் பள்ளத்தை உண்மையைவிட ஆழமாகக் காட்டுகிறது. அதேபோல 23.6 லட்சத்தில் ஒரு பகுதி, பண்டிகைக்கு முன் ஸ்டாக் ஏற்றிக்கொண்டது. மூன்று மடங்கு என்பதை அப்படியே "வாங்கியவர்கள் மூன்று மடங்கு ஆனார்கள்" என்று படிக்கக்கூடாது.

இன்னொரு பொறி. அவர்களின் அறிக்கை ஏப்ரலிலிருந்து கூட்டிக்கொண்டே போகும். டிசம்பர் அறிக்கையில் 1.143 கோடி என்று இருப்பது ஒன்பது மாதத்துக்கு. அதிலிருந்து செப்டம்பர் வரையான 30.7 லட்சத்தைக் கழித்தால்தான் காலாண்டு வரும். இதைக் கழிக்காமல் "ஒரே காலாண்டில் ஒரு கோடி" என்று எழுதிய பதிவுகள் இன்னும் சுற்றுகின்றன. உண்மையில் கடையிலிருந்து எத்தனை போனது என்று பார்க்க, ஜப்பானுக்கு ஃபமிட்சு என்ற கேம் இதழின் வாராந்தர மதிப்பீடு, அமெரிக்காவுக்கு சந்தை ஆய்வு நிறுவனமான என்பிடி (இப்போது சர்கானா).

இனி என் கேள்வி. விலைக்குறைப்பு, பிறகு மரியோ, பிறகு மரியோ கார்ட். இதே மருந்தை இதே வைத்தியர் தன் டிவி கன்சோலான வீ யூ-வுக்கும் கொடுத்தார். ஏன் பலிக்கவில்லை?

ஆனைக்குட்டி:
அண்ணே, ரெண்டு பேரும் சோனியோட பிஎஸ்2-வ மறந்துட்டீங்க. 2000-ல ஜப்பான்ல 39,800 யென், அதுலயே டிவிடி படமும் ஓடும். அதுக்கு முன்னாடி தனி டிவிடி ப்ளேயரே அந்த விலைக்குக் கிடைக்கிறது கஷ்டம். கேமும் இல்ல, விலையும் இல்ல, டிவிடிதான் வித்துச்சு. 16 கோடி!

மஞ்சள்தொப்பி:
தம்பி, அதே சோனி ஆறு வருஷம் கழித்து டிவிடிக்கு அடுத்த வட்டான ப்ளூ-ரேவை வைத்து அதே வித்தையைக் காட்டப் பார்த்தது. பிஎஸ்3, 499 மற்றும் 599 டாலர். 2009-இல் மெலிந்த மாடல் 299-க்கு வரும்வரை தடுமாறியது. டிவிடி ஒரு காரணம், ஆனால் 16 கோடி வந்தது 13 வருஷம் விற்றதால். அதைத் தனி இழையில் பேசுவோம்.

சில்லறைக்கணக்கு:
பிஎஸ்3-ஐ நீங்களே இழுத்ததற்கு நன்றி. 299-க்கு வந்ததும் எழுந்தது என்றால் அது எந்தக் கட்சி?

வீ யூ-வுக்கு வருகிறேன். 2012 நவம்பரில் 8 ஜிபி 299 டாலர், 32 ஜிபி 349 டாலர். 2013 ஏப்ரல்–ஜூனில் 1.6 லட்சம். ஆமாம், உலகம் முழுக்க, மூன்று மாதத்தில். செப்டம்பர் 20 அன்று 349-ஐ 299 ஆக்கினார்கள். 14 சதவீதம். 3டிஎஸ்ஸுக்கு 32 முதல் 40, இதற்கு 14! மருந்து ஒன்றுதான், அளவு பாதிகூட இல்லை. கூட்டவும் முடியாது, ஏனென்றால் பெட்டிக்குள் 6.2 அங்குலத் தொடுதிரையோடு ஒரு கேம்பேட் (கையில் பிடித்து விளையாடும் கருவி) கட்டாயம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு மலிவாக விற்க வழியில்லை. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் 499-லிருந்து கினெக்ட் கேமராவைக் கழற்றி 2014 ஜூனில் 399-க்கு இறங்கியதே, அந்த வசதி இதற்குக் கிடையாது.

மஞ்சள்தொப்பி:
14 சதவீதம் போதவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 2014 மே கடைசியில் மரியோ கார்ட் 8 வந்தது. அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டில் 5.1 லட்சம். முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் 1.6. பண்டிகை இல்லை, புதிய விலைக்குறைப்பு இல்லை, ஆனாலும் மூன்று மடங்கு. நீங்கள் முதல் பதிவில் விலைக்குக் கொடுத்த அதே மூன்று மடங்கு!

கட்டைவிரல்:
மூன்று மடங்கு சரி, ஆனால் எதன் மூன்று மடங்கு? குழியில் கிடந்ததைப் பெருக்கினால் மேடு வராது. அந்த முழு நிதியாண்டிலும் 33.8 லட்சம்தான். முந்தைய ஆண்டு 27.2 லட்சம், அதுவும் 90 லட்சம் விற்போம் என்று சொல்லி ஜனவரியில் 28 லட்சம் என்று இறக்கிய பிறகு. பிறந்தது முதல் இறந்தது வரை வீ யூ 1.356 கோடி.

இந்த விவாதத்துக்கு மரியோ கார்ட் 8-ஐவிட நல்ல சோதனைக்கூடம் கிடைக்காது, ஏனென்றால் அதே கேம் இரண்டு கன்சோலில் வந்தது. வீ யூ-வில் 84.6 லட்சம். 1.356 கோடியால் வகுத்தால் 62 சதவீதம். அடுத்து வந்த ஸ்விட்ச்சில் (டிவியிலும் ஓடும், கையிலும் விளையாடலாம்) டீலக்ஸ் பதிப்பு 2025 மார்ச் வரை 6.82 கோடி, ஸ்விட்ச் 15.21 கோடி, விகிதம் 45 சதவீதம். (இரண்டிலும் பண்டில், அதாவது கன்சோலோடு சேர்த்துக் கொடுத்த கேமும் சேர்த்தி. ஸ்விட்ச் பண்டிலை வருஷா வருஷம் நவம்பரில் போட்டார்கள், ஆகவே 45 கொஞ்சம் ஊதியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.)

கன்சோல் தோற்ற இடத்தில் கேம் அதிக விகிதத்தில் விற்றிருக்கிறது. உள்ளே இருந்த எல்லாரும் வாங்கினார்கள், வெளியே இருந்தவர்கள் உள்ளே வரவில்லை. அதிக விகிதம் என்றால் கன்சோலை கேம் தூக்கியது என்று பலர் படிக்கிறார்கள். பல நேரம் அது நேர்மாறு: ரசிகர்கள் மட்டும் மிஞ்சினார்கள் என்பதன் அடையாளம்.

விலையும் அப்படித்தான். ஸ்விட்ச் 2017 மார்ச் 3 அன்று 299.99 டாலர். இறக்கிய பிறகு வீ யூ விற்ற அதே விலை. அதே கேம், அதே விலை, பதினோரு மடங்கு விற்பனை. உங்கள் இரண்டு பேரின் காரணமும் இங்கே மாறவில்லை. மாறியது பொருள். வீ யூ-வின் கேம்பேட் பெட்டியை விட்டுப் பக்கத்து அறைக்குப் போனாலே தடுமாறும், 1,500 எம்ஏஎச் பேட்டரி மூன்று முதல் ஐந்து மணி நேரம், ஒரு கன்சோலுக்கு ஒன்றுதான். முந்தைய கன்சோலான வீ-க்கான உதிரிப்பாகம் என்று நினைத்தவர்களும் உண்டு. அந்தக் குழப்பத்தை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

மஞ்சள்தொப்பி:
நீங்கள் நடுவர் மாதிரி பேசிக்கொண்டே ஒரு முக்கியமான இடத்தைத் தாண்டிவிட்டீர்கள். வீ யூ காலத்தில் நின்டெண்டோ இரண்டு அடுப்பு எரித்தது, கையடக்கத்துக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று. அதனால் இரண்டிலும் மாதக்கணக்கில் பட்டினி. ஸ்விட்ச்சில் ஒரே அடுப்பு. முதல் பத்து மாதத்துக்குள் பிரெத் ஆஃப் த வைல்ட், மரியோ கார்ட் 8 டீலக்ஸ், ஸ்ப்ளாட்டூன் 2, மரியோ ஒடிஸி, ஸெனோபிளேட் 2. வீ யூ-வின் முதல் பத்து மாதத்தில் இந்தத் தரத்தில் என்ன இருந்தது? வடிவம் மாறியதால் கேம் வரிசை அடர்த்தியானது. ஆக விற்றது கேம்தான். ஒற்றை கேம் இல்லை, இடைவெளி விடாத வரிசை. மரியோ கார்ட்டை மட்டும் தனியாக எடுத்து வகுத்தால் இது தெரியாது.

கட்டைவிரல்:
அந்த வாதத்தை ஏற்கிறேன். ஒரு கேம் கன்சோலை விற்கும் என்பதும் ஒரு வரிசை விற்கும் என்பதும் வேறு வேறு. நீங்கள் முதலில் சொன்னது முதலாவதுதான் என்பதையும் பதிவில் வைக்கிறேன்.

சில்லறைக்கணக்கு:
299 இரண்டும் ஒன்றல்ல. வீ யூ வாங்கியவர் வெளியே விளையாட 3டிஎஸ் தனியாக வாங்கவேண்டும். ஸ்விட்ச்சில் இரண்டு பெட்டியின் வேலையும் ஒரு விலைக்குள். விலை என்று நான் சொல்வது ஸ்டிக்கரில் உள்ளதை அல்ல, விளையாடத் தொடங்க மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை. வீட்டாவைப் பாருங்கள். 249.99 டாலர் என்று ஒட்டினார்கள். ஆனால் அதற்கென்றே செய்த மெமரி கார்டு, 32 ஜிபி 99.99 டாலர். சாதாரண எஸ்டி கார்டு உள்ளே போகாது. 3டிஎஸ்ஸுக்கு எந்த எஸ்டி கார்டும் போதும், பெட்டியிலேயே 2 ஜிபி ஒன்று இருந்தது.

விலை முக்கியமில்லை என்று நின்டெண்டோவே நினைக்கவில்லை. 2025-இல் ஸ்விட்ச் 2-வை ஜப்பானில் இரண்டாகப் பிரித்தார்கள். ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென், எல்லா மொழியும் உள்ளது 69,980 யென். உள்ளூர்க்காரர் எந்த விலையில் பின்வாங்குவார் என்று கணக்குப் போடாமல் யாரும் 20,000 யென் வித்தியாசம் வைப்பார்களா?

ஆனைக்குட்டி:
அமெரிக்கால அதே ஸ்விட்ச் 2 449.99 டாலருக்கு வந்துச்சு. நாலு நாள்ல உலகம் பூரா 35 லட்சம் போச்சே. அங்க விலை எங்க போச்சு?

சில்லறைக்கணக்கு:
முதல் நாலு நாளில் வரிசையில் நிற்பவர் 600 ஆனாலும் வாங்குவார். அவரை வைத்து விலைக்கணக்கு போடமுடியாது. 3டிஎஸ்ஸும் முதல் மாதத்தில் 36 லட்சம் அனுப்பியது, அடுத்து நடந்ததுதான் இந்த இழையே. விலை வேலை செய்வது அந்த வரிசை தீர்ந்த பிறகு. பிஎஸ்2 299-லிருந்து 199, 179, 149, 129 என்று இறங்கி 2009-இல் 99.99-க்கு வந்ததும் அதற்காகத்தான். இப்போது சிக்கல், அந்தப் படிக்கட்டே இல்லை. சிப் விலை பழையபடி இறங்குவதில்லை. பிஎஸ்5 ஐந்தாவது ஆண்டில் அமெரிக்காவில் 499-லிருந்து 549-க்கு ஏறியது.

மஞ்சள்தொப்பி:
"மொத்தச் செலவு" என்ற புது அளவுகோலை வைத்தே கேட்கிறேன். 2012 ஜூலையில் ஜப்பானில் பெரிய மாடலான 3டிஎஸ் எல்எல், 18,900 யென். 15,000-க்கு சின்ன மாடல் பக்கத்திலேயே இருக்கிறது. எல்எல் பெட்டியில் சார்ஜர்கூட இல்லை, அதற்குத் தனிக் காசு. நவம்பரில் அனிமல் கிராசிங் வந்ததும் அந்த கேமின் பெட்டிகளே கடைகளில் தட்டுப்பாடு. விலை அதிகம், சார்ஜர் இல்லை, கேம் இருந்தது.

சில்லறைக்கணக்கு:
நின்டெண்டோவின் முந்தைய கையடக்கமான டிஎஸ்ஐ-யின் சார்ஜரே எல்எல்லுக்குப் பொருந்தும். முதல் 3டிஎஸ்ஸின் சார்ஜரும் அதேதான். ஜப்பானில் வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஏற்கெனவே ஒன்று கிடக்கும் என்று தெரிந்துதான் பெட்டியிலிருந்து எடுத்தார்கள், விலை 18,900-இல் நிற்பதற்கு.