மூன்று பத்திக்குள் அடங்காத சொல்: கிரிட் அனுபவங்கள்

மதுரையிலிருந்து:

இணையப் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் வைத்துப் பத்தி (நெடுவரிசை) பிரித்தவர்கள் எல்லாருக்கும் ஒரு சூடு பட்ட கதை இருக்கும். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுடையதைப் பின்னால் சேருங்கள்.

ஒரு தமிழ் வார இதழுக்கு இணையப் பக்கம் கட்டினேன். முகப்பில் செய்தி அட்டைகள், கணினியில் மூன்று பத்தி, கைப்பேசியில் இரண்டு. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் கிரிட்டில் '1எஃப்ஆர்' (இருக்கும் இடத்தில் ஒரு பங்கு) என்று மூன்று முறை எழுதிவிட்டால் மூன்றும் சரிசமமாக நிற்கும் என்று நம்பியிருந்தேன். மாதிரிக்குப் போட்ட லத்தீன் வரிகளோடு அப்படித்தான் நின்றது. உண்மையான தலைப்புகள் ஏறிய அன்று மாலையே ஆசிரியர் கூப்பிட்டார். "கைப்பேசியில் இடது பத்தி வீங்கியிருக்கிறது, வலது பத்தி சப்பிப்போய்விட்டதே?"

வீங்க வைத்தது ஒரே ஒரு சொல்: 'உள்ளாட்சித்தேர்தலையொட்டி'. 1எஃப்ஆர் என்று நாம் எழுதுவதை உலாவி 'குறைந்தது ஆட்டோ, அதிகம் 1எஃப்ஆர்' என்று படிக்கிறது. அந்த ஆட்டோவுக்குப் பொருள், உள்ளே இருக்கும் மிக நீளமான சொல்லைவிடப் பத்தி குறுகாது என்பது. ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் தெரியாமலே போய்விடும். உருபும் துணைவினையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் நம் மொழியில் முதல் நாளே தெரிந்துவிடுகிறது.

'மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)', அதாவது 'குறைந்தது பூஜ்யம், அதிகம் 1எஃப்ஆர்', என்று மாற்றினேன். பத்திகள் சமமாகிவிட்டன, ஆனால் சொல் தன் அட்டையைத் தாண்டிப் பக்கத்து அட்டையின் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. இடம் போதாத சொல்லை நடுவில் உடைக்கும் 'ஓவர்ஃப்ளோ-ராப்' போட்டு உடைத்தேன். அதைப் பார்த்த பிழைதிருத்துநர், எழுபது வயதுக்காரர், கண்ணாடியைக் கழற்றிவிட்டார். முதல் வரி 'தேர்தலையொ' என்று முடிந்து, அடுத்த வரி 'ட்டி' என்று தொடங்கியிருந்தது.

"தம்பி, ஒற்றெழுத்தில் வரி தொடங்குமா? அச்சுக் கோத்த காலத்தில் இப்படி விட்டிருந்தால் எங்கள் ஃபோர்மேன் காதைத் திருகியிருப்பார்."

கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோட்டைச் செருகினேன். உடையும் இடத்தில் அது கோடாகத் தெரிந்தது, அவருக்குப் பிடிக்கவில்லை. அகலமில்லாத இடைவெளியைச் செருகினேன். தலைப்பு அழகாக உடைந்தது, ஆனால் எங்கள் தேடல் பெட்டியில் அந்தச் சொல்லைத் தட்டினால் செய்தி அகப்படவில்லை. சொல்லுக்கு நடுவில் ஓர் எழுத்து ஒளிந்திருந்தால் எப்படி அகப்படும்? இரண்டு நாள் போராடியபின் அவரே கேட்டார், "ஏன் தம்பி, 'உள்ளாட்சித் தேர்தலையொட்டி' என்று பிரித்தே எழுதினால் என்ன?"

பிரித்து எழுதினோம். கைப்பேசியில் ஒரே பத்தியாகவும் மாற்றிவிட்டேன்.

*

கோவையிலிருந்து:

அண்ணா, என்னுடையது பூட்ஸ்ட்ராப் என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பு. வாடிக்கையாளர் சொன்ன புகார் மூன்றே சொல்: "கைப்பேசியில் பக்கம் ஆடுகிறது." விரலால் பக்கவாட்டில் தள்ளினால் ஒரு நூல் அளவு நகர்ந்து, வலது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.

பூட்ஸ்ட்ராப் 5-இல் 'ரோ' என்ற வரிசைக்கு இரு பக்கமும் 12 பிக்சல் எதிர்மறை ஓரம் உண்டு. வரிசையைச் சுற்றி நிற்கும் 'கன்டெய்னர்' தன் உள்ளிடைவெளியால் அதை ஈடுகட்டும். நான் ஒரு வரிசையைக் கன்டெய்னர் இல்லாமல் நேரே பக்கத்தில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் எல்லாரும் செய்யும் பாவத்தை நானும் செய்தேன்: வெளிப்பெட்டிக்கு 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிட்டன்', பக்கவாட்டில் நீட்டுவதை மறைக்கும் கட்டளை. ஆட்டம் நின்றது. கூடவே, மேலே ஒட்டி நிற்க வேண்டிய பட்டியலும் ஒட்டாமல் பக்கத்தோடு உருண்டு மேலே போய்விட்டது. மறைக்கச் சொன்ன பெட்டியையே அது தன் உருளும் எல்லையாக எடுத்துக்கொள்கிறது. ஒன்றை மூடப்போய் இன்னொன்றைத் திறந்த கதை.

கடைசியில் பக்கத்திலுள்ள அத்தனை பெட்டிகளுக்கும் சிவப்பு அவுட்லைன் போட்டேன். குற்றவாளி வரிசை மட்டும் திரையைவிட நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு நாள் தேடியது இரண்டு நிமிடத்தில் தெரிந்தது. பார்டர் போடாதீர்கள், அது அகலத்தையே மாற்றிவிடும். அவுட்லைன் இடம் பிடிக்காது.

*

சிங்கப்பூரிலிருந்து:

எங்கள் அலுவலகத்தின் உள்கணக்குச் செயலி ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதியது, அதற்கான ஆயத்தக் கூறுகளின் தொகுப்பான மெட்டீரியல் யூஐயின் கிரிட். 4-ஆம் பதிப்பிலிருந்து 5-க்கு ஏற்றிய மறுநாள் காலை, கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர் மட்டும், தன் திரையில் எண்கள் நெருக்கிக்கொண்டு நிற்பதாகச் சொன்னார். மற்ற இருபது பேருக்கு ஒன்றுமில்லை. நான் அவர் கணினியைத்தான் சந்தேகப்பட்டேன்.

போய்ப் பார்த்தால், 1366 பிக்சல் மடிக்கணினி, உலாவியில் 110 விழுக்காடு பெரிதாக்கி வைத்திருந்தார், கண்ணுக்கு இதமாக இருக்கிறதாம். பெரிதாக்கினால் உலாவி திரையை அதற்கேற்பக் குறுகலாக எண்ணும்: 1366-ஐ 1.1-ஆல் வகுத்தால் 1241 சொச்சம். பழைய பதிப்பில் 'எல்ஜி' (பெரிய திரை) எல்லை 1280-இல் தொடங்கும், ஆகவே அவருக்கு மூன்று பத்தி. புதிய பதிப்பில் அது 1200 ஆகிவிட்டது, ஆகவே நான்கு பத்தி. அந்த எண்பது பிக்சல் சந்துக்குள் எங்கள் அலுவலகத்தில் குடியிருந்தவர் அவர் ஒருவர்தான். 'எம்டி'யும் (நடுத்தரத் திரை) 960-லிருந்து 900-க்கு இறங்கியிருக்கிறது. மாற்றக் குறிப்பில் எழுதித்தான் வைத்திருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தோற்ற அமைப்புகளைக் குறிக்கும் தீமில் பழைய எண்களையே எழுதி வைத்தேன்.

*

சென்னையிலிருந்து:

சுருக்கமாக ஒன்று. பதிவுப் படிவத்தில் பெயரும் கைப்பேசி எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கணினியில் மட்டும் இடம் மாற்றச் சொன்னார்கள், திரையில் தெரியும் வரிசையை மாற்றும் 'ஆர்டர்' வகுப்பைப் போட்டு மாற்றினேன். கண்ணுக்கு மாறியது, டேப் விசைக்கு மாறவில்லை. அது மூலக்குறியீட்டின் வரிசையில்தான் போகும். திரையைப் பார்க்காமல் தட்டச்சு செய்பவர்கள் எண்ணைப் பெயர்ப் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் இதே வரிசையில்தான் படிக்கும். இப்போது மூலக்குறியீட்டிலேயே மாற்றிவிடுகிறேன், ஆர்டரைப் படங்களோடு நிறுத்திக்கொண்டேன்.

*

மதுரையிலிருந்து, மறுபடியும்:

சிங்கப்பூர்க் கதையைப் படித்துவிட்டு இதழின் பக்கத்தை 110, 125, 150 என்று பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டைகள் தாங்கின. தேடல் முடிவுப் பக்கம் தாங்கவில்லை. அங்கே எத்தனை பத்தி என்பதை இடத்துக்கேற்ப உலாவியே முடிவுசெய்யும் 'ஆட்டோ-ஃபிட்', பத்திக்குக் குறைந்தது 300 பிக்சல் என்று எழுதியிருந்தேன். 320 பிக்சல் கைப்பேசியில் இரு பக்க ஓரம் போக மிஞ்சுவது 288. அட்டை வெளியே நீட்டியது. இரண்டில் சிறியதை எடுக்கும் 'மின்(100%, 300பிஎக்ஸ்)' என்று மாற்றியதும் அடங்கியது. ஒரே ஒரு முடிவு வந்தால் அந்த ஒரு அட்டை திரை முழுதும் பாய் விரித்ததுபோல் படுத்துக்கொண்டதும் கண்ணில் பட்டது. ஆட்டோ-ஃபிட்டை 'ஆட்டோ-ஃபில்' ஆக்கினேன், காலிப் பத்திகள் தம் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன.

பிழைதிருத்துநரிடம் காட்டினேன். பத்திகளை அவர் பார்க்கவே இல்லை. மூன்றாவது அட்டையில் விரலை வைத்து, "இங்கே ஒரு 'ங்' வரி தொடங்கியிருக்கிறது பார்" என்றார்.